ஆதிலட்சுமிக்கு முழு மதிப்பெண்

ஆதிலட்சுமியின் புருஷன் பெயர் பழனிவேல். இந்தப் பெயரைத் தன் வாயால் ஒரு தடவைகூடச் சொல்லாமல் முப்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்தியவள் அவள். ரேஷன் கடையில் கேட்டால் மகளை முன்னால் தள்ளுவாள். ஓட்டுப்போடப் போன இடத்தில் கேட்டால், வரிசையில் பின்னால் நிற்கிற என்னைத் திரும்பிப் பார்ப்பாள். கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டால், "மலைமேல ஆண்டியா நிக்கறாரே, அந்த ஊரு பேரும் அவரு கையில இருக்கறதும்" என்பாள். அர்ச்சகர் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பழனிவேல் என்று சொல்லி மந்திரத்தை ஆரம்பிப்பார்.

நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. நெய்வேலி டவுன்ஷிப் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவள். என் வீட்டுக்காரர் பெயர் சுப்பிரமணியன் என்று யார் கேட்டாலும் பளிச்சென்று சொல்வேன். அதைச் சுட்டிக்காட்டி அவளைச் சீண்டுவது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. பேரைச் சொன்னால் என்ன ஆகிவிடும், என் வீட்டுக்காரர் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறாரே என்பேன். "நீங்க படிச்சவங்க, சொல்லலாம் டீச்சரம்மா. எங்க பக்கம் சொன்னா அவரு ஆயுசு கொறையும்" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் அதில் விளையாட்டு கிடையாது.

அவள் வளையமாதேவிக்காரி. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு, களை பறித்துப் பிழைத்தவர்கள். சொந்தமாக ஒரு சாண் மண் கிடையாது. பிற்பாடு சுரங்கத்துக்கு நிலம் எடுக்கப் போகிறார்கள் என்று ஊர் கொதித்தபோது, கொடுக்க நிலம் இல்லாதவன் எந்தப் பக்கம் சேர்ந்து கத்துவது என்று அவள் அண்ணன் கேட்டாராம். பழனிவேல் கம்மாபுரம். மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பக்கம் கான்ட்ராக்ட் ஆளாக நுழைந்து, காத்துக் கிடந்து, கடைசியில் பெர்மனென்ட் ஆனவர். பெல்ட் ஓடுகிற சத்தத்தில் அவருக்குக் காது பாதி போய்விட்டது. நல்ல விஷயத்தையும் சண்டை போடுகிற குரலில்தான் சொல்வார். அவர் பெர்மனென்ட் ஆகும்வரை ஆதிலட்சுமியும் கான்ட்ராக்டில் வேலை பார்த்தாள். டவுன்ஷிப் ரோடுகளில் சருகு கூட்டுகிற வேலை.

குவார்ட்டர்ஸ் கிடைத்தபோது, தான் கூட்டிய தெருவிலேயே அவர்களுக்கு வீடு அமைந்தது. எங்களுக்கு நேர் பக்கத்து வீடு. குடிவந்த மறுநாள் காலையில் கதவைத் திறக்கிறேன், எங்கள் வாசல்வரை கூட்டிச் சுத்தமாக வைத்திருக்கிறாள். இனிமேல் நீயும் குவார்ட்டர்ஸ்காரி, துடைப்பத்தைக் கீழே போடு என்றேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது என்றாள். அன்றையிலிருந்து எங்களுக்குள் பழக்கம். அவள் எனக்குக் கருவாட்டுக் குழம்பு தருவாள், நான் அவளுக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டுவேன்.

புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்து பேசி நான் பார்த்தது குறைவு. அவர் அவளை 'இந்தா' என்பார். அவள் அவரை 'ஏங்க' என்பாள். தூரத்தில் இருந்தால் 'தமிழ்மொழி அப்பா'. இந்த மூன்று சொல்லை வைத்துக்கொண்டே அந்தக் குடும்பம் நன்றாக ஓடியது. தமிழ்மொழி அவர்களுடைய ஒரே மகள். யூனியன் மேடைப் பேச்சுகளைக் கேட்டுவிட்டுப் பழனிவேல் வைத்த பெயர் அது. என்னிடம் படித்த பெண். கெட்டிக்காரி. சிதம்பரத்தில் போய்ச் சமூகப்பணி படித்துவிட்டு வந்தாள்.

ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட வேண்டும். பழனிவேல் வடக்குத்துப் பக்கம் ஒரு மனை வாங்கி வீடு கட்டினார். பக்கத்து மனை விலைக்கு வந்தபோது நாங்களும் அங்கேயே போனோம். புது வீட்டுக்குப் போன கொஞ்ச காலத்தில் ஆதிலட்சுமி பழைய குவார்ட்டர்ஸுக்குப் போக ஆரம்பித்தாள். காய்கறி வாங்கப் போகிறேன் என்று கிளம்புவாள். பழைய வீட்டின் கேட்டைத் திறந்து, கொய்யா மரத்தடியில் உட்கார்ந்திருப்பாள். பழனிவேல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் அழைத்து வருவார்.

இதைக் கேட்டு யாரும் பயப்படவில்லை. நெய்வேலியில் பயப்படுகிற விஷயமும் இல்லை. பிளாக் பிளாக்காக ஒரே அச்சில் வார்த்த வீடுகள். ஷிஃப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தில் அடுத்த தெரு வீட்டுக்குள் நுழைந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் காபி கேட்டவர்கள் இங்கே உண்டு. ரிட்டயர் ஆனவர்கள் பழைய வீட்டு வாசலில் போய் நின்று, தாங்கள் வைத்த மாமரம் காய்த்திருக்கிறதா என்று பார்ப்பதும் வழக்கம். என் வீட்டுக்காரரே போய் நின்று, உள்ளே இருந்தவர்களிடம் திட்டு வாங்கியிருக்கிறார். ஆகவே ஆதிலட்சுமி பழைய வீட்டுக்குப் போனது எங்கள் தெருவுக்கு ஒரு வேடிக்கைப் பேச்சாகவே இருந்தது.

இரண்டாயிரத்துப் பதினான்கு வாக்கில் சென்னையிலிருந்து ஒரு மருத்துவக் குழு வந்தது. வயதானவர்களுக்கு மறதி நோய் வருவதை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க ஒரு கேள்வித்தாள். வெளிநாட்டில் தயாரானது. அதை ஒவ்வொரு மொழிக்கும், ஒவ்வோர் ஊர் வழக்கத்துக்கும் பொருந்தும்படி திருத்தி அமைக்கிற வேலை. எல்லா மாவட்டத்து ஜனங்களும் ஒரே இடத்தில் கிடைப்பார்கள், சுற்றிலும் கிராமங்களும் இருக்கின்றன என்று நெய்வேலியைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கிற வேலைக்குத் தமிழ்மொழி சேர்ந்தாள். அவளோடு மந்தாரக்குப்பத்திலிருந்து சித்தீகா என்று ஒரு பெண். அவள் அப்பாவுக்கு அங்கே ஜவுளிக்கடை. தமிழைச் சரிபார்க்க ஓர் ஆள் வேண்டும் என்றதும் தமிழ்மொழி என் பெயரைச் சொல்லிவிட்டாள்.

அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. 'தற்போது நிலவும் பருவம் யாது? இளவேனில், கோடை, இலையுதிர், குளிர்' என்று இருந்தது. இலையுதிர் காலத்துக்கு நெய்வேலியில் எங்கே போவது? 'தாங்கள் இக்கட்டடத்தின் எத்தளத்தில் உள்ளீர்கள்' என்று இன்னொன்று. ஓட்டு வீட்டில் தரையில் உட்கார்ந்திருக்கிற கிழவியிடம் எத்தளம் என்று கேட்டால் அவள் துடைப்பத்தைத் தூக்குவாள். இதை மொழிபெயர்த்தவன் எவன் என்று குழுவை நடத்திய டாக்டரம்மாவிடமே கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. இதையெல்லாம் மாற்றத்தானே வந்திருக்கிறோம் என்று சிரித்தார். நல்ல பெண்மணி. இன்றைக்கும் எனக்கு அவர்மேல் ஒரு வருத்தமும் கிடையாது.

மாற்றுவதற்கு அவர் ஒரு விதி சொன்னார். புத்தி தெளிவாக, நல்லபடியாக இருக்கிற பெரியவர்கள் சிலரிடம் முதலில் கேட்டுப் பாருங்கள். அவர்களே தடுமாறினால் கோளாறு ஆளிடம் இல்லை, கேள்வியில் இருக்கிறது. கேள்வியைத் திருத்துங்கள். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது, பாருங்கள். நல்லபடியாக இருக்கிறவர்கள் என்று எங்கள் தெருப் பெண்களைப் பிடித்தார்கள். முதல் ஆள் ஆதிலட்சுமி. தமிழ்மொழியைப் பெற்ற அம்மா, கூப்பிட்ட குரலுக்கு வருவாள், வந்தவர்களுக்கு டீயும் போடுவாள்.

எங்கள் வீட்டு ஹாலில்தான் அந்தக் கூட்டங்கள் நடந்தன. பருவத்தை மழையா, பனியா, வெயிலா என்று மாற்றிக் கேட்டோம். "நெய்வேலியில வெயிலத் தவுர வேற என்னாத்தக் கண்டோம்" என்றாள் ஆதிலட்சுமி. எல்லோரும் சிரித்தார்கள். அது தை மாசம். அவள் தோளில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டதற்கு, அவர் ரிட்டயர் ஆனபிறகு தனக்கு எல்லா நாளும் ஞாயிற்றுக்கிழமைதான் என்றாள். அதற்கும் சிரிப்பு. ஆபீஸ், பள்ளிக்கூடம் இல்லாதவர்களுக்குக் கிழமை எதற்கு என்று அந்தக் கேள்வியையும் எடுத்தார்கள். மூன்று பொருள்களின் பெயரைச் சொல்லி, சற்றுப் பொறுத்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். நான் என்ன இஸ்கூல் பிள்ளையா என்று முறைத்தாள். பெயராகக் கேட்டால் நம் ஆட்கள் கூச்சப்படுகிறார்கள், பொருளையே தட்டில் வைத்துக் காட்டி, பிறகு எடுக்கச் சொல்வோம் என்று முடிவானது. அதில் கையை வைத்துச் சரியாக எடுத்துவிட்டாள்.

மற்றப் பெண்களும் தடுமாறினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். எழுத்து வாசனை இல்லாதவர்கள், பரீட்சை என்றாலே நாக்கு ஒட்டிக்கொள்கிறவர்கள். அவர்கள் தடுமாறியது ஒரு காரணத்துக்கு. ஆதிலட்சுமி தடுமாறியது வேறொரு காரணத்துக்கு. வெளியே பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருந்தது.

அப்புறம் அந்தக் கேள்வி வந்தது. 'உங்கள் கணவரின் பெயர் என்ன?' சொந்தக் குடும்பத்தார் பெயர் ஞாபகம் இருக்கிறதா என்று பார்க்க வைத்த கேள்வி. அறையில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒருத்தி சுவரைப் பார்த்தாள். ஒருத்தி எழுந்தே போய்விட்டாள். ஆதிலட்சுமி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

டாக்டரம்மா திகைத்துப் போனார். இத்தனை பேரும் தவறு என்று போட்டால் ஊரே நோயாளி ஆகிவிடும். தமிழ்மொழிதான் விளக்கினாள். இது மறதி இல்லை மேடம், மரியாதை. எங்கள் அம்மா என் அப்பா பெயரைச் சொல்லி நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை என்றாள். எங்கள் வீட்டிலும் அம்மா 'உங்க அத்தா' என்பதோடு சரி என்றாள் சித்தீகா. ஆகவே ஒரு குறிப்பு சேர்த்தார்கள். பெண்கள் இந்தக் கேள்விக்குச் சிரித்தாலோ, வாயைப் பொத்தினாலோ, முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ வழக்கத்தின் காரணமாகச் சொல்லவில்லை என்று கொண்டு, சரியான விடைக்குரிய மதிப்பெண்ணைக் கொடுத்துவிட வேண்டும். நம் பெண்களின் மானத்தைக் காப்பாற்றிவிட்ட மாதிரி தமிழ்மொழிக்கு முகமெல்லாம் பூரிப்பு.

வீட்டில் இருப்பவர்களைக் கேட்கிற பகுதி ஒன்றும் உண்டு. பழனிவேலிடம் சித்தீகா கேட்டாள். உங்கள் மனைவி தெரிந்த இடத்தில் வழி தவறிப் போனதுண்டா? அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"கண்ணக் கட்டி உட்டாலும் பிளாக் பிளாக்கா ஒப்பிப்பா. பழைய வூட்டுக்குப் போறாளேன்னு கேக்கறியா? வழி தெரியாமயா போறா? நல்லாத் தெரிஞ்சிதானம்மா போறா."

சமையலில் மாற்றம் உண்டா என்ற கேள்விக்கு, அவள் கைப்பக்குவம் யாருக்கு வரும் என்றார். அந்த மாசம் முழுக்கக் குழம்பில் இரண்டு தடவை உப்பு விழுந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டுக்கு வந்த கிண்ணத்திலும் விழுந்தது. நான் கொட்டினேன், அவர் சாப்பிட்டார். கட்டினவளை வெளி ஆட்கள் முன்னால் விட்டுக்கொடுத்துப் பேசுகிற ஆம்பிளை இல்லை அவர். அதை நல்ல குணம் என்றுதான் இந்த ஊரில் சொல்வோம். நானும் அப்படித்தான் சொல்வேன்.

திருத்தி முடித்த கேள்வித்தாளை மறுபடி முறையாக எல்லோருக்கும் கேட்டார்கள். பெற்ற அம்மாவை மகள் சோதிக்கக் கூடாது என்பதால் ஆதிலட்சுமியைச் சித்தீகா சோதித்தாள். முழு மதிப்பெண். வாத்தியாரம்மாவான எனக்கு ஒன்று குறைந்தது. தட்டில் காட்டிய கயிற்றை நான் மறந்துவிட்டேன். டீச்சரம்மா பெயில் என்று ஆதிலட்சுமி தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

பழனிவேல் மிக்சரும் அல்வாவும் வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தார். கூட்டம் கலைந்தபிறகு, மகளைத் தனியே கூப்பிட்டு ஒன்று கேட்டார். சத்தமாகவே பேசுகிற அந்த மனுஷன் அன்றைக்கு என்னமோ குரலை இறக்கிக்கொண்டு கேட்டார். ஜன்னல் ஓரமாக இருந்த எனக்கு அப்படியும் கேட்டது.

"அம்மாவுக்கு ஒண்ணும் இல்லல்ல? நெசமாச் சொல்லு."

ஒன்றும் இல்லை அப்பா, முழு மார்க் வாங்கியிருக்கிறாள், இதற்குமேல் என்ன வேண்டும் என்றாள் மகள். அவர் தோட்டத்துப் பக்கம் போய், துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு நின்றார். அவருக்குள் அத்தனை நாளும் ஒரு பயம் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பாவம், அந்தப் பயத்தை அன்றைக்கு அவரிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு யார் எதைச் சொன்னாலும் அவரிடம் ஒரே பதில்தான். அடுப்பை அணைக்காமல் விட்டாளா, மெட்ராஸ் டாக்டரே பரிசோதித்தாயிற்று. குளித்துவிட்டு மறுபடி குளிக்கப் போனாளா, பரிசோதித்தாயிற்று. நான் பொறுக்கமாட்டாமல், எதற்கும் ஒருதரம் ஆஸ்பத்திரியில் காட்டிவிடலாமே என்றேன். உங்களுக்குத்தான் டீச்சர் மார்க் குறைந்தது, நீங்கள் போய்க் காட்டுங்கள் என்று சிரித்தார். தமிழ்மொழி கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு கிராமம் கிராமமாக அலைந்துகொண்டிருந்தாள். வீட்டுக்கு வரும்போதெல்லாம் அம்மா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், சோறு போட்டாள், ஜோக் அடித்தாள். மகளுக்குச் சந்தேகம் வர இடமே இல்லை. அப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

இரண்டாயிரத்துப் பதினாறு வெயில் காலம். ஒருநாள் மத்தியானம் பழைய குவார்ட்டர்ஸில் இப்போது குடியிருக்கிற பெண் போன் பண்ணினாள். அம்மா வந்திருக்கிறார்கள், கொஞ்சம் வந்து அழைத்துப் போங்கள் என்று. அவளுக்கும் பழகிப்போன விஷயம்தான். தமிழ்மொழி அன்றைக்கு வீட்டில் இருந்தாள். அவளும் நானும் ஆட்டோவில் போனோம். பழனிவேல் எங்களுக்கு முன்னால் சைக்கிளில் போய்விட்டார்.

நாங்கள் இறங்கும்போது ஆதிலட்சுமி வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். பழனிவேல் சைக்கிளை நிறுத்திவிட்டு, "இந்தா, எழுந்திரு, வூட்டுக்குப் போலாம்" என்றார். அவள் சட்டென்று எழுந்தாள். முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றாள். முன்பின் தெரியாத ஆம்பிளை வந்தால் எங்கள் தெருப் பெண்கள் நிற்கிற மாதிரி.

"வாங்க. யாரத் தேடிகினு வந்தீங்க?"

அவர் சிரித்தார். விளையாடுகிறாள் என்று நினைத்தார். வெயில் ஏறுகிறது, வா என்று கையை நீட்டினார். அவள் இன்னும் ஒரு அடி பின்னால் போனாள். பிறகு, வந்தவரை வாசலிலேயே நிற்க வைத்துவிட்டோமே என்கிற சங்கடத்தோடு பணிவாகச் சொன்னாள்.

"பழனிவேலப் பாக்க வந்தீங்களா? அவரு பர்ஸ்ட் ஷிப்டு போயிருக்கறாரு. பஸ்ஸு வர நேரந்தான். இருந்து பாத்துட்டுப் போங்க."

தமிழ்மொழி என் மணிக்கட்டைப் பிடித்தாள். வலிக்கிற அளவுக்குப் பிடித்தாள். பழனிவேலுக்குச் சரியாகக் காதில் விழவில்லை. எப்போதும் போல மகளைத் திரும்பிப் பார்த்து, "என்னா சொல்றா?" என்றார். வந்த மனுஷருக்குக் காது மந்தம் போலிருக்கிறது என்று ஆதிலட்சுமியே புரிந்துகொண்டு, குரலை உயர்த்தித் தெளிவாக இன்னொரு தரம் சொன்னாள்.

"பழனிவேல். என் வூட்டுக்காரருங்க."

அவர் அப்படியே நின்றார். முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே கூரையின்கீழ் இருந்தவளின் வாயிலிருந்து தன் பெயரை முதல்முதலாகக் கேட்கிறார். அதுவும் பேரைச் சொல்லக் கூடாது என்பதோடு தன்னையும் சேர்த்து அவள் மறந்துபோன காரணத்தால் கேட்கிறார். இப்படி ஒரு கொடுமையை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை. அவர் அழவில்லை, கத்தவில்லை. நீட்டியிருந்த கையை இறக்கிக்கொண்டார். பிறகு, "சரிங்க" என்றார். அவளை அவர் 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. கேட்டுக்கு வெளியே போய்ச் சைக்கிள் பக்கத்தில் நின்றுகொண்டார். ஷிஃப்ட் பஸ் வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கடைசியில் தமிழ்மொழி கையைப் பிடித்து, அப்பா வர நேரமாகும் அம்மா என்று சொல்லி ஆட்டோவில் ஏற்றினாள்.

டாக்டரம்மா செய்தி கேட்டுச் சென்னையிலிருந்து தானே புறப்பட்டு வந்தார். பரிசோதனைகள் எல்லாம் செய்தார்கள். நோய் வந்து வெகுநாள் ஆகிவிட்டது என்றார். முன்னாலேயே தெரிந்திருந்தால் குணமாகியிருக்குமா என்று பழனிவேல் கேட்டார். குணமாகாது, ஆனால் மருந்து கொடுத்துக் கொஞ்ச காலம் பிடித்து வைத்திருக்கலாம் என்றார் அவர். எவ்வளவு காலம்? ஒரு வருஷம் இருக்கலாம், எல்லோருக்கும் சொல்ல முடியாது. அந்த ஒரு வருஷம் அவளுக்கு என்னைத் தெரிந்திருக்குமா என்று கேட்டார் பழனிவேல். டாக்டரம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

தமிழ்மொழி எங்கள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள்.

"நல்லா இருக்கறவங்க தப்பாச் சொன்னா கேள்வியத் திருத்தணும்னாங்க டீச்சர். அம்மா தப்பாச் சொன்னத ஒண்ணு உடாம திருத்துனோம். அவங்களுக்கு அளவெடுத்துத் தெச்ச மாதிரி திருத்திட்டு, அப்புறம் அவங்களுக்கே போட்டுப் பாத்து சரியா இருக்குதுன்னு சொன்னோம்."

யாரைக் குற்றம் சொல்வது? என் கோபத்துக்கு ஓர் ஆள் கிடைத்தால் போதும் என்று நானும் தேடிப் பார்த்துவிட்டேன். கிடைக்கவில்லை. அந்தக் குறிப்பை டாக்டரம்மா உடனே மாற்றினார். பெயர் சொல்லாத பெண்களிடம் சில ஆம்பிளைகளின் போட்டோவைக் காட்டி, எது உங்கள் வீட்டுக்காரர் என்று தொடச் சொல்ல வேண்டும் என்று இப்போது இருக்கிறதாம். நல்ல மாற்றம். கம்மாபுரம் பக்கத்தில் அதனால் சிலரை வேளையோடு கண்டுபிடித்தார்கள் என்று தமிழ்மொழி சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சந்தோஷமும் இல்லை.

அப்புறம் இரண்டு வருஷம். மகளை அவளுக்குத் தெரிந்தது, என்னைத் தெரிந்தது. அவரை மட்டும் தெரியவில்லை. அவளுடைய ஞாபகத்தில் பழனிவேல் கருகரு மீசையோடு ஷிஃப்ட் போய்க்கொண்டிருக்கிறவர். வீட்டுக்குள் நடமாடுகிற இந்த நரைத்த தலை யாரோ. ஒருநாள் பொறுக்கமாட்டாமல், நான்தான் பழனிவேல் என்று அவர் சொல்லிவிட்டார். அன்றைக்கு அவள் போட்ட கூச்சல் தெருவுக்கே கேட்டது. "அவரு பேர வெச்சி என்கிட்ட வெளையாடாதீங்க" என்று நடுங்கினாள். அவரை வெளியே போகச் சொல் என்று மகளிடம் கெஞ்சினாள். அவர் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை. மறுநாளும் அப்படித்தான்.

அதன்பிறகு அவர் சொல்லவே இல்லை. கோபம் ஆறியபிறகு அவள் ஒருநாள், உங்க பேரு என்னங்க என்று கேட்டாள். "சாமிக்கண்ணு" என்றார். எங்கிருந்து அந்தப் பெயர் வந்தது என்று நான் கேட்கவில்லை. அம்மா முன்னால் தமிழ்மொழியும் அவரை அப்பா என்று கூப்பிடுவதை விட்டுவிட்டாள். சாமிக்கண்ணு மாமா என்று பெற்ற அப்பாவைக் கூப்பிடப் பழகினாள். அதற்கு அவளுக்கு ரொம்ப நாள் பிடித்தது.

நாளாக ஆக, அந்நிய ஆம்பிளை என்ற கூச்சமும் அவளுக்கு மறந்துபோனது. சாமிக்கண்ணு கையால் ஆதிலட்சுமி குளித்தாள், தலை வாரிக்கொண்டாள், பேசினாள். பேச்சு முழுக்கப் பழனிவேலைப் பற்றித்தான். கூச்சமே இல்லாமல் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பேசினாள். தான் ரோடு கூட்டிய காலத்தில் பழனிவேல் விடிவதற்கு முன் எழுந்து பாதித் தெருவைக் கூட்டிவிட்டுத்தான் ஷிஃப்டுக்குப் போவார், ஆம்பிளைக்கு மானக்கேடு என்று யாரிடமும் சொல்லக் கூடாதென்று சத்தியம் வாங்கியிருந்தார் என்று சொன்னாள். சத்தம் போட்டுப் பேசுவார், ஆனால் ஒரு நாளும் தன்னை அடித்ததில்லை என்றாள். அவருக்கு வாக்கப்பட்டது தன் அதிர்ஷ்டம் என்றாள். கட்டினவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வைத்திருந்ததையெல்லாம் அந்நியரிடம் சொன்னாள். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருப்பார். நான் அங்கே இருந்தால் எழுந்து வந்துவிடுவேன்.

பதினெட்டாம் வருஷம் ஐப்பசி மழையில் ஆதிலட்சுமி போய்ச் சேர்ந்தாள். அதற்கு முந்தின வாரம், சாப்பாடு அநேகமாக நின்றுபோயிருந்தது. அதில் ஒருநாள் நான் கஞ்சி கொண்டுபோயிருந்தேன். பழனிவேல் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினார். அதிசயமாக முழுவதையும் குடித்தாள். வாயைத் துடைத்துவிட்டார். அவள் வாசலை ஒரு தரம் பார்த்துவிட்டு, அவரைப் பக்கத்தில் வரும்படி சைகை காட்டினாள். அவர் காதை அவள் வாய் அருகே கொண்டுபோனார்.

"பழனிவேல் வந்தா சொல்லிடாதீங்க. அவரு வரதுக்கு முன்னாடியே நான் சாப்ட்டுட்டேன்."

"சொல்ல மாட்டேங்க" என்றார் அவர்.